பொறி பறக்காத பட்டறை

மாமா மொபெட்டை நிறுத்தியபோது அம்மா வாசலில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். வண்டியில் கால் வைக்கும் இடத்தில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் அச்சடித்த படத்தில், கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் மரக் கிண்ணம் கடைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தின் மேல் மாமாவின் செருப்பு இருந்தது.

“என்னலே அது?” என்றாள் அம்மா. மாமா அவளுக்குத் தம்பி.

“ஒம் மகளுக்குக் கடைசல் மிஷின்க்கா. எங்கெங்கயோ அலைஞ்சு புடிச்சேன்.”

அம்மா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவு நிலையின் இரு பக்கமும் கையை ஊன்றி நின்றாள். “பொறி வருமா?”

“மரத்தக் கடைஞ்சா தூசிதான் வரும். பொறி எங்கன இருந்து வரும்?”

“மரத்தக் கேக்கல. மிஷினக் கேக்கேன்.”

மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்தார், சிரித்தார். “ஏன், ஒங்க வீட்டுல அடுப்பு எரியலையாக்கும்?”

“அடுப்பு இருந்த எடத்துல இருக்கும். பொறி பறக்கும்.”

நான் உள்ளிருந்து வந்து பெட்டியைப் பார்த்தேன். அம்மா கையை எடுத்திருந்தாலும் நான் அதை உள்ளே விட்டிருக்க மாட்டேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் ஊரைச் சுற்றிவிட்டு வரவேண்டும்.

கேட்டில் இருக்கும் டப்பா

ஆண்டு சரியாக நினைவில்லை. கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற பெண்களிடமும் செல்போன் வந்து, ஆளுக்கு ஆள் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிறவள். கம்பெனி கேட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே போகும் பெண்கள் சேப்டி பின், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட வேண்டும். கேட்டில் நிற்கும் அக்கா தலையைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார். இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. என் பெரியம்மாவின் இடது கை அப்படித்தான் போனது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. பெரியம்மா வந்தால் அம்மா காப்பி டம்ளரை அவருடைய வலது கைப் பக்கம் வைப்பாள். அவ்வளவுதான் பேச்சு.

கொண்டை ஊசி கூடாது என்பதால் அம்மா முடியைத் துணி நாடாவால் கட்டிக்கொண்டு போவாள். மத்தியானத்துக்குள் அது அவிழ்ந்துவிடும். மருந்துக் கையால் முடியைத் தொட முடியாது. மீதி நேரமெல்லாம் கழுத்தில் ஊரும் முடியைத் தோளால் தள்ளித் தள்ளியே வேலை பார்ப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும், சோறு வடிக்கும்போதுகூட, அந்தத் தோள் தானாக ஒருமுறை உயர்ந்து இறங்கும்.

வேனிலிருந்து இறங்கினால் நேரே வீட்டுக்குள் வரமாட்டாள். பக்கச் சுவரையொட்டி ஓடு வேய்ந்த ஒரு சாய்ப்பு உண்டு. வேலைச் சேலையை அங்கே வாளியில் அமுக்கி, குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாள். எவ்வளவு கழுவினாலும் அந்தச் சாய்ப்பின் தரை விரிசல்களில் மருந்தின் வெள்ளிப் பொடி மின்னும். காது மடிப்பிலும் மின்னும்.

எங்கள் வீட்டில் ஓர் இயந்திரம் நிறுத்த இடம் என்று பார்த்தால் அந்தச் சாய்ப்பு ஒன்றுதான்.

பாத்தாப் போதும்மா

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று போய்ப் படித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தேன். பெண்கள் அந்தப் பிரிவில் அபூர்வம். நாங்கள் வந்தது அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை என்பதை நாற்காலிகள்கூடச் சொல்லின.

பட்டறை வகுப்பில் ஒரு மூலையில் மரம் கடையும் லேத்து இருந்தது. பையன்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை கடைந்தார்கள். என் முறை வந்ததும் ஆசிரியர், “கேர்ள்ஸ் பாத்தாப் போதும்மா, ரெக்கார்டுல படம் வரைங்க” என்றார்.

வரைந்தேன். லேத்தின் படத்தை என்னைவிட நன்றாக யாரும் வரையவில்லை. லேத்தைத் தொட்டவர்கள் எல்லாரும் என் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். கடையத் தெரிந்தவனுக்கு எது தலை, எது வால் என்று தெரியவில்லை.

கடைசி நாள் ஆசிரியர் டீ குடிக்கப் போன நேரத்தில் உளியை எடுத்து வைத்துப் பார்த்தேன். மரம் சுருள் சுருளாக உரிந்து வந்து மணிக்கட்டில் விழுந்தது. சூடாக இருந்தது. பச்சை வேம்பின் கசப்பு வாடை மூக்கில் ஏறியது. அந்தச் சூடு போகவில்லை.

பிறகு அச்சகத்தில் வேலை. கணினி முன் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் செய்வேன். “சிங்கத்துக்குப் பல்லு பத்தல”, “பாப்பா சிரிக்கலையே” என்று ஆர்டர்காரர்கள் சொல்லச் சொல்லத் திருத்துவேன். காலண்டர் சீசன் முடிந்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தபோது, யாரும் ஆர்டர் கொடுக்காத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. மரம் கடைய வேண்டும். விற்க இல்லை. சும்மா.

இந்தச் ‘சும்மா’ எங்கள் ஊரில் விற்காத சரக்கு. கை இரண்டும் ஓய்ந்திருந்தால் மடியில் ஒரு கட்டுத் தாளைப் போட்டுப் பட்டாசுக் குழாய் சுற்றச் சொல்லும் ஊர் இது. பொழுதுபோக்கு என்று ஒரு பெண் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மாமா கேட்ட முதல் கேள்வி, “எந்தக் கம்பெனி ஆர்டர்?” என்பதுதான். ஆர்டர் இல்லை என்றேன். “அப்பன்னா பூரிக்கட்டை கடை. ஆர்டர நான் புடிக்கேன். லோடு லோடா மதுரைக்குப் போகும்” என்றார். ஒரு பூரிக்கட்டைகூடக் கடையாத மருமகளை வைத்துக்கொண்டு அவர் மனதில் லாரி கிளம்பிவிட்டது.

பொழுதுபோக்கு உள்ள ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அச்சகக் கணக்கர். விலை கூடிய கீபோர்டு ஒன்றை வாங்கி, அதன்மேல் பூத்துவாலை விரித்து வைத்திருந்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார். வாசித்து யாரும் கேட்டதில்லை. சாமான் வாங்குவதையே கலை என்று நினைப்பவர்களின் வீட்டில் இப்படித்தான் துவாலை விரிந்திருக்கும்.

எட்டு உளிப் பெட்டி

உளி வாங்க விருதுநகர் போனேன். மாமாவும் கூட வந்தார், கூப்பிடவில்லை. மிளகாய் மண்டிகள் இருக்கும் தெருவைத் தாண்டித்தான் அந்த இரும்புக் கடைக்குப் போக வேண்டும். நெடி ஏறித் தும்மிக்கொண்டே உள்ளே நுழைந்தோம்.

கடைக்காரர் மாமாவைப் பார்த்து, “சொல்லுங்கண்ணே, என்ன வேணும்?” என்றார்.

“மரம் கடையற உளி” என்றேன் நான்.

“அண்ணனுக்குத் தச்சு வேலையா?” என்று மாமாவிடமே கேட்டார்.

“எனக்கு.”

அப்போதுதான் திரும்பினார். “ஒங்களுக்கா? அது எதுக்கும்மா? இப்பக் கண்ணாடில பெயின்டிங் பண்ணுறாக. எம் மககூட பண்ணுது. அதுல சேருங்க.”

“அத ஒங்க மக பண்ணட்டும். நீங்க உளியக் காட்டுங்க.”

ஒரு மரப் பெட்டியைத் திறந்து காட்டினார். சிவப்பு வெல்வெட்டில் எட்டு உளிகள், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. பிடியெல்லாம் பளபளவென்று வார்னிஷ்.

“ஃபுல் செட்டு. புதுசா ஆரம்பிக்கிறவுக எல்லாம் இதத்தான் வாங்குறாக.”

“வாங்குனவுக யாராவது திரும்பி வந்திருக்காகளா?”

அவர் வெல்வெட்டைத் தடவினார். நான் கைப்பையிலிருந்து சிறிய அரம் ஒன்றை எடுத்து ஓர் உளியின் அடிப்பக்கம் உரசினேன். உரமேற்றிய இரும்பில் அரம் வழுக்கும். இதில் சோப்புக் கட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

“ஏம்மா, கீறிட்டீகளே.”

“கீற வந்துச்சே, அதுதான் வருத்தம்.”

மாமா வெளியே போய் மிளகாய் மூட்டைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்துக் கடைக்காரர் காட்டியவை உண்மையிலேயே நல்ல உளிகள், ஹைஸ்பீடு ஸ்டீல். அரம் அவற்றைத் தொட்டு வழுக்கியது. “இதத் தீட்ட ஒரு கிரைண்டரும் வேணும். சேத்துப் போட்டுரவா?” என்றார். கிரைண்டர் சக்கரத்தில் அந்த இரும்பை வைத்தால் பொறி புஸ்வாணம் மாதிரிக் கொட்டும். வேறு ஊரில் வேறு வீட்டில் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். வெள்ளிப் பொடி மின்னும் தரையில் அதை ஓட்டச் சொல்கிறவரை என்ன சொல்ல? அவ்வளவு கடினமான இரும்பைக் கையால் தீட்டி முடிப்பதற்குள் அடுத்த காலண்டர் சீசன் வந்துவிடும்.

“கையாலேயே சாணைக்கல்லுல தண்ணி விட்டுத் தேய்ச்சாத் தீட்டுற மாதிரி, பழைய கார்பன் ஸ்டீல் உளி இருக்கா?”

கீழ் அலமாரியைக் குடைந்து, சணலால் கட்டிய மூன்று உளிகளை மேசையில் போட்டார். துரு ஏறியிருந்தது. பிடியில்லை. அரம் வழுக்கியது.

“இதெல்லாம் பழசும்மா. படிச்சவுக வாங்குறதில்ல.”

“படிச்சதனாலதான் வாங்குறேன்.”

முதன்முதலில் கடையப் போகிறவர்களுக்கு மூன்று உளி போதும். கரடுமுரடான கட்டையை உருட்டையாக்க ஒரு குழி உளி. வழவழப்பாக்க வாய் சாய்வாக உள்ள ஓர் உளி. வேலை முடிந்ததும் துண்டிக்க ஓர் ஒல்லி உளி. மற்ற ஐந்தும் வெல்வெட்டுக்காகச் செய்தவை. உளிக்கும் முன்னால் வாங்க வேண்டியது முகம் முழுவதும் மறைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. பெட்டியில் சிரிக்கிற வெள்ளைக்காரருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி போதும். படத்திலிருக்கும் கட்டை சிதறாது. துப்பட்டாவை வேறு அறையில் கழற்றி வைக்க வேண்டும். முடியை இறுக்கிக் கொண்டை போட வேண்டும். இதையெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். இவற்றில் லாபம் இல்லை.

பழகிரும்க்கா

இப்போது வாசலுக்கு வருவோம். அம்மா நிலையில் கை ஊன்றி நிற்கிறாள். மாமாவின் செருப்பு இன்னும் வெள்ளைக்காரர் முகத்தில்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு கை டிரில்லும், அதைப் படுக்கவைத்துப் பூட்ட ஒரு தகர ஸ்டாண்டும். டிரில்லின் வாயில் கட்டையைச் செருகி வேகமாகச் சுற்றவிட்டால் லேத்தாம். ஸ்டாண்டை ஒரு கையால் தூக்கினேன். கடையும் இயந்திரத்துக்குக் கனம்தான் முதல் தகுதி. இது முறத்தைவிட லேசாக இருந்தது.

“மாமா, இது பிரஷ் மோட்டார். சுத்துறப்ப உள்ள இருக்க கரித்துண்டு உரசிப் பொறி தெறிக்கும்.”

“நானும் மிஷின்லதான் நிக்கேன் மருமகளே. எனக்குத் தெரியாததா?”

சிவகாசியில் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர்கள் பலர் உலகத்தில் உள்ள எல்லா இயந்திரமும் அதற்குத் தம்பி தங்கை என்று நினைப்பார்கள். மாமா அவர்களுக்குத் தலைவர்.

எதிர்வீட்டு மாரியக்காவும் அம்மா போகிற வேனில்தான் போகிறவர். ஆனால் அவருக்கு வேலை பெட்டி ஒட்டும் பிரிவில்; மருந்தே தொடமாட்டார், வீட்டில் பொடி இருக்காது. அவர் வீட்டுக்கு டிரில்லை எடுத்துப் போனோம். பட்டப்பகல். ஜன்னலைச் சாத்தி, ஓட்டு இடுக்குக்குப் பழைய காலண்டர் தாளைச் செருகி அறையை இருட்டாக்கினேன். அம்மா சுவரோரம் நின்றாள். பொத்தானை அழுத்தினேன்.

டிரில்லின் காற்றுத் துவாரங்களுக்குள் நீலப் பொறிகள் வளையமாக ஓடின. கருகிய வாடை வந்தது. மாரியக்கா, “ஆத்தி” என்று பின்னால் நகர்ந்தார்.

“இது எல்லா டிரில்லுலயும் வர்றதுதான்” என்றார் மாமா. “பாக்கப் பாக்கப் பழகிரும்க்கா.”

“பெரியக்காளுக்கும் பழகிருச்சு” என்றாள் அம்மா, “ஒத்தக் கையில சோறு பெசைய.”

நான் பொத்தானை விட்டேன். மாமா ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு, “படிச்சிட்டாப் பெரியவுக சொல்லு ஏறாது” என்றார். பொறியைக் காட்டியது டிரில். கோபம் என் படிப்பின் மேல். அந்த டிரில் பிறகு அவர் வீட்டுச் சுவரில் சாமி படம் மாட்ட ஓர் ஓட்டை போட்டது. அதற்கப்புறம் அது செய்த வேலை எதுவும் என் காதுக்கு வரவில்லை.

அம்மா என்னிடம் வந்தாள். “ஏட்டி, நீ ஒண்ணு கொண்டாந்தாலும் இதே மாதிரிதான் பாப்பேன். பொறி தெரிஞ்சா ஒனக்கும் இதே வாசல்தான். அதுக்கப்புறம் இந்தப் பேச்ச எடுக்கக்கூடாது.”

சரி என்றேன். சொன்னால் சொன்னதுதான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அம்மா பார்த்த பரீட்சை

மாவரைக்கும் கிரைண்டரில் இருந்து கழற்றிய பழைய மோட்டார் ஒன்றை எடைக்குப் போடும் கடையில் கண்டுபிடித்தேன். பிரஷ் இல்லாத ஜாதி, மின்விசிறியில் இருப்பது மாதிரி. கட்டையை இரு முனையிலும் பிடிக்கும் லேத்தின் தலையும் வாலும் அதே கடையில் வேறு ஏதோ இயந்திரத்தின் பிணத்திலிருந்து கிடைத்தன. வெல்டிங் பட்டறையில் கனத்த இரும்புச் சட்டம் செய்யச் சொன்னேன். வெல்டிங் பட்டறைக்காரரும், “யாருக்கும்மா?” என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் குரல் பாதி கரகரத்துவிட்டது. சட்டத்தின் கால்களுக்குள் மணல் நிரப்பினேன். இரண்டு பேர் சேர்ந்தாலும் நகராது.

மோட்டாரை மட்டும் எடுத்துப் போய், மாரியக்காவின் வீட்டில் மறுபடியும் ஜன்னல் சாத்தினோம். அம்மா இம்முறை நிற்கவில்லை. மோட்டாருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மருந்து அறையில் உட்காரும் அதே உட்காரல், முதுகு நேராக, கை மடியில். மோட்டார் ஓடியது. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். நிறுத்தச் சொன்னாள். ஓட்டச் சொன்னாள். ஓர் உலை கொதித்து அடங்கும் நேரம் இப்படிப் போனது. மின்சாரப் பாடத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எடைக்குப் போட்ட மோட்டாரைச் செய்தவன் என்னோடு படித்தவனாக இருந்தால் என்ன செய்வது?

இருட்டு இருட்டாகவே இருந்தது. அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். சாய்ப்பில், வருஷக்கணக்காக அதே மூலையில் இருந்த வேலைச் சேலை வாளியை எடுத்து, கொடியையும் அவிழ்த்து, வீட்டின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். தரையை இரண்டு முறை கழுவினாள்.

விறகு

எந்த மரம் என்று கேட்பீர்கள். தேக்கு வாங்கு என்பார்கள், தேக்கு விற்கிறவர்கள். எங்கள் மாவட்டத்தில் கண்ணுக்கு எட்டின தூரம் நிற்கும் வேலிக்கருவையை, அதாவது சீமைக் கருவேலத்தை, யாரும் மரக் கணக்கில் சேர்ப்பதில்லை. முள், விறகு, கரி, அவ்வளவுதான். அதன் முற்றிய கட்டையை லேத்தில் ஏற்றிப் பட்டையை உரித்துப் பாருங்கள். உள்ளே காப்பிக் கொட்டை நிறம். தீட்டிய உளியில் சிணுங்காமல் உரியும். முதலில் கடைந்த சில கட்டைகள் அடுப்புக்கே போயின. விறகாக வந்தது விறகாகப் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு குச்சி கடைந்தேன். ஒரு முனையில் மொட்டு மாதிரி சின்ன உருண்டை. அங்கிருந்து மெல்ல மெல்ல ஒல்லியாகி மறுமுனையில் மழுங்கி முடியும். தேங்காய் எண்ணெய் தடவி அம்மாவிடம் கொடுத்தேன்.

“என்னட்டி இது?”

“கொண்டையில சொருகுற குச்சி.”

“இம்புட்டு மிஷினையும் கூட்டி வச்சு, விறகையா தலையில சொருகச் சொல்லுற?” என்று ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேலையிலிருந்து நான் வந்தபோது ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது. அடுப்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். வேன் வந்தது. முதலில் இறங்கிய மாரியக்கா, வீட்டுக்குப் போகாமல் என்னிடம் வந்தார்.

“ஒங்கம்மா இன்னைக்குக் கேட்டுல பேசிருச்சு பாத்துக்க” என்றார். அத்தனை வருஷத்தில் கேட்டில் அம்மா தலையைக் குனிந்து காட்டுவாளே தவிர, வாய் திறந்ததில்லை. “கேட்டுக்கார அக்கா தலையத் தடவுச்சு, குச்சிய உருவுச்சு, டப்பாவுல போட்டுருச்சு. ஒங்கம்மா நகரல. ‘சத்தம் கேட்டீகளா?’ங்குது. அந்தக்கா முழிக்குது. ஒங்கம்மாவே டப்பாவுக்குள்ள கைய விட்டுக் குச்சிய எடுத்து, மறுபடியும் போட்டுக் காட்டுது. ‘இது இரும்புச் சத்தமா? நல்லாக் கேளுங்க’ங்குது. பொறத்தால அம்புட்டுப் பேரும் நிக்கோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, சூப்ரவைசரு வந்து கடிச்சுப் பாக்காத கொறையாப் பாத்துட்டு, ‘போங்கம்மா’ன்னுட்டாரு.”

அம்மா வாளிப் பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்தாள். கொண்டை காலையில் போட்டபடியே இருந்தது. காப்பிக் கொட்டை நிற மொட்டு மட்டும் வெளியே தெரிந்தது. சோறு வடிக்கும் வரை அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உயரவில்லை.

அவளே, பானையைக் கவிழ்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

“வேன்ல இன்னும் நாலு பேரு கேக்காளுக. கடைஞ்சு குடு.” பானையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். “ஆர்டர்னு ஒங்க மாமாட்டச் சொல்லிராத.”